சாணுக்குக் கொஞ்சம் குறைய

குடிமங்கலம் துணைமின் நிலையத்துக்குத் தெற்கே,
கிளுவை வேலி போட்ட கொறங்காட்டு நடுவில்,
நூற்றுப் பன்னிரண்டாம் காற்றாலை
மூன்று நாளாகக்
காற்றுக்கு முகம் கொடுக்காமல் நிற்கிறது.
ஆடி பதினொன்று, இரவு ஒன்றரை மணி.
ஆறுச்சாமி கீழே விளக்குப் பிடிக்க
உள் ஏணியில் ஏறுகிறேன்.
இருநூற்று அறுபத்து நான்கு படி.
நான் எண்ணாவிட்டால் முழங்கால் எண்ணும்.

உச்சியில் மூடியைத் தள்ளியதும்
மேகாத்து நேரே வாய்க்குள் வருகிறது.
கோபுரம் ஒரு முழம் போய்
ஒரு முழம் வருகிறது.
இரண்டு மணி நேரம் முன்பு
பாலக்காட்டுக் கணவாயில் நெருக்கியடித்து நுழைந்த காற்று.
மலைக்கு அந்தப் பக்கமே மழையை இறக்கி வைத்துவிட்டு
வெறுங்கையோடு ஓடி வருகிறது.
தலைக்கு மேல் மேகம் மேகமாகப் போகிறது கிழக்கே,
ஒரு பொட்டுத் தூறல் கிடையாது,
ஒரு மீனும் தெரியவில்லை.

தெரிய வேண்டியதுமில்லை.
வெளிச்சத்தைத்தான் மேகம் மறிக்கும்.
முதுகலையில் நான் அளந்தது வேறு:
சுருள் மண்டலம் ஒன்றின் தட்டில்
ஹைட்ரஜன் எப்படி ஓடுகிறது என்று.
தனித்துக் கிடக்கும் ஓர் அணு
தானாகப் புரண்டு முனகுவது
கோடி வருசத்துக்கு ஒரு தடவை.
அந்த முனகலின் நீளம்
என் கையில் ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைய.
நம்மை நோக்கி வரும் வாயுவில் அந்தச் சாண் சுருங்கும்,
விலகிப் போவதில் நீளும்.
இந்த ஒரு கணக்கை வைத்து
முழுத் தட்டின் ஓட்டத்தையும் வரைந்தேன்,
பாதி நீலம், பாதி சிவப்பு.
இப்போதும் அது
இந்த மேகத்தையும் என் தலைக்கவசத்தையும் கேட்காமல்
ஊடுருவிப் போய்க்கொண்டிருக்கும்.

சுருளின் கை என்கிறோம்.
அது ஒரு நெருக்கடியான இடம், அவ்வளவுதான்.
வாயு பின்னாலிருந்து வேகமாக வந்து முட்டும்,
ஒன்றின்மேல் ஒன்று ஏறும், கறுக்கும்,
நட்சத்திரமாகப் பெய்யும்,
மிச்சம் அக்கட்டால போய்விடும்.
கணவாயும் நகர்கிறது அங்கே,
ஆனால் வாயுவைவிட மெதுவாக.
பெய்து தீர்ந்து மெலிந்த வாயுவுக்கு
அடுத்த கை சேரப் பத்துக் கோடி வருசம்.
அதுவரை அதன் ஊர்
குடிமங்கலம் மாதிரி ஏதோ ஒன்று.

திசைகாட்டியின் கழுத்தில்
செம்மண் தூசியும் பழைய கிரீஸும் இறுகிக் கிடக்கின்றன.
பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்க்கிறேன்.

வெளி விளிம்புக்குப் போகப் போக
வேகம் குறைய வேண்டும்; பாடம் அப்படித்தான்.
கண்ணுக்குத் தெரியும் கனம் உள்ளேதான் இருக்கிறது.
என் வளைகோடு இறங்கவே இல்லை,
தாராபுரம் ரோடு போலப் படுத்துக்கொண்டே போனது.
மூன்று முறை கணக்குப் போட்டேன்.
விடுதியில் ஒருநாள் சாப்பிடவும் இல்லை.
வழிகாட்டி சிவப்பு மையில் எழுதித் தந்தார்:
பிழை இல்லை.
காணாத கனம் எதுவோ அங்கே பிடித்திருக்கிறது
என்பது எல்லாருக்கும் தெரியுமாம்,
எது என்பதுதான் தெரியாதாம்.

காட்டி இளகிச் சுழன்றது.
அறுபது டன் தலை முனகிக்கொண்டு
மேற்கே திரும்பியது.
இறக்கைகள் ஒரு சுற்று, மறு சுற்று.
அப்போது கட்டுப்பாட்டு அறையிலிருந்து போன்:
எல்லாவற்றையும் நிறுத்துங்கள்,
கிரிட்டில் இடமில்லை.

‘ஏனுங் அம்மிணி, ஓடுதுங்களா?’
‘ஓடுதுங்க. நிறுத்தச் சொல்றாங்க.’
கீழே கொஞ்ச நேரம் விளக்கு மட்டும் இருந்தது.
‘காத்தையும் நிறுத்தச் சொல்லுங்க போங்க.’

இறக்கைகள் விளிம்பைத் திருப்பிக்கொண்டன.
நடுவே புகுந்து போகிறது மேகாத்து,
எதையும் சுற்றாமல்.

பதிவேட்டில் எழுதினேன்.
வேகம்: வினாடிக்குப் பதிமூன்று மீட்டர்.
உற்பத்தி: சுழி.
காரணம் என்ற கட்டம் சின்னது.
இயந்திரத்தில் பிழை இல்லை என்று எழுதியதில்
கடைசி எழுத்து
கோட்டைத் தாண்டிப் போய்விட்டது.